இதயத்தின் எழுத்தைப் படித்தவர்

நள்ளிரவு நேரம். பெருநகர மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது. நெஞ்சைக் கையால் அழுத்தியவாறு, வியர்வையில் நனைந்த ஒருவரை உள்ளே கொண்டுவருகின்றனர். அவருக்கு வந்திருப்பது மாரடைப்பா, வயிற்றுக் கோளாற்றால் எழுந்த வலியா, வெறும் தசைப்பிடிப்பா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. மாரடைப்பு என்றால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி மடிந்துகொண்டிருக்கும்.

செவிலியர் அவருடைய மார்பில் ஆறு இடங்களிலும், கை கால்களில் நான்கு இடங்களிலும் மின்முனைகளைப் பொருத்துகிறார். சில நொடிகளில், கட்டமிட்ட தாளில் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரையப்பட்டு வெளிவருகிறது. மருத்துவர் அதைக் கூர்ந்து நோக்குகிறார். அடுத்துச் செய்ய வேண்டியதை உடனே முடிவு செய்கிறார். நெஞ்சுவலியுடன் வருபவருக்கு, அவர் வந்த 10 நிமிடங்களுக்குள் இச்சோதனையைச் செய்து, அதன் முடிவையும் படித்துவிட வேண்டும் என்பது இன்று உலகெங்கும் மருத்துவர்கள் போற்றும் விதி.

அந்தத் தாளுக்கு இதய மின்வரைபடம் என்று பெயர். மக்கள் வழக்கில் அது ஈ.சி.ஜி. எனப்படும். பத்தே நிமிடங்களில் முடியும் இப்பணிக்குப் பின்னால் ஒரு மனிதரின் நெடுங்கால உழைப்பு நிற்கிறது. அவர் பெயர் வில்லெம் எயிந்தோவன்.

தந்தையை இழந்த சிறுவன்

வில்லெம் எயிந்தோவன் 1860-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் சாவகத் தீவின் செமராங் நகரில் பிறந்தார். இன்று இந்தோனேசியாவில் உள்ள அந்நகர், அக்காலத்தில் நெதர்லாந்து நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவருடைய தந்தை அங்கே படை மருத்துவராகப் பணியாற்றியவர். பின்னர் அந்நகர மக்களுக்கு மருத்துவம் செய்தவர். மூன்று ஆண், மூன்று பெண் என ஆறு குழந்தைகள் இருந்த குடும்பத்தில் வில்லெம் மூன்றாம் குழந்தை. ஆண் மக்களில் மூத்தவர்.

வில்லெமின் இளவயதிலேயே தந்தை இறந்துவிட்டார். 1870-இல் தாய் தம் ஆறு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி, முன்னோர் நாடான நெதர்லாந்துக்குத் திரும்பினார். குடும்பம் உட்ரெக்ட் நகரில் குடியமர்ந்தது. வெயிலும் மழையும் நிறைந்த தீவில் பிறந்த பத்து வயதுச் சிறுவன், பனியும் குளிரும் சூழ்ந்த நாட்டில் புதிதாகப் பள்ளி சென்றான். பிறந்த மண் ஒன்றாகவும் வளர்ந்த மண் மற்றொன்றாகவும் அமைந்த வாழ்க்கை அது.

தந்தையின் வழியில் தானும் மருத்துவராக வேண்டும் என்று வில்லெம் விரும்பினார். 1878-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். உடற்பயிற்சி, வாட்பயிற்சி, படகோட்டுதல் ஆகியவற்றில் அவருக்குப் பேரார்வம் இருந்தது. ஒருமுறை விளையாட்டுப் பயிற்சியின்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேறொருவராக இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு ஓய்ந்திருப்பார். வில்லெமோ, முன்கை எவ்வாறு உட்புறமும் வெளிப்புறமும் திரும்புகிறது என்பதையே அந்த ஓய்வில் ஆராயத் தொடங்கினார். தமக்கு நேர்ந்த இடையூற்றையும் பாடமாக்கிக்கொள்ளும் இப்பண்பு அவரிடம் இறுதிவரை இருந்தது.

1885-இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் லெய்டன் பல்கலைக்கழகம் அவரை உடலியங்கியல் பேராசிரியராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 25. 1886-இல் பணியேற்ற அவர், வாழ்நாள் முழுவதும் லெய்டனிலேயே பணிபுரிந்தார்.

இதயத்தின் மின்சாரம்

இதயம் தசையால் ஆனது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னர், மிக நுண்ணிய மின்னலை ஒன்று இதயத்தில் பிறந்து மேலறைகளில் பரவி, பின்னர்க் கீழறைகளுக்குச் செல்கிறது. அந்த அலை செல்லும் வழியில் தசை சுருங்குகிறது, குருதி உந்தப்படுகிறது. அம்மின்னலையின் சிறு பகுதி தோல் வரை வந்து எட்டுகிறது. ஆனால் தோலில் அதன் அளவு ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் மட்டுமே. கைவிளக்கில் இடும் சிறு மின்கலம் ஒன்றின் அழுத்தத்தில் இது ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு ஆகும். இவ்வளவு நுண்ணிய ஒன்றை, அதுவும் நொடிக்கு நொடி மாறும் ஒன்றை அளப்பது எப்படி?

இலண்டனில் அகஸ்டஸ் வாலர் என்னும் அறிஞர் 1887-இல் மனித இதயத்தின் மின்னலைகளை உடலின் மேற்பரப்பிலிருந்தே பதிவு செய்து காட்டினார். மயிர்போல் மெல்லிய கண்ணாடிக் குழாயில் உள்ள பாதரசம், மின்னழுத்தம் மாறும்போது மேலும் கீழும் அசையும். அவ்வசைவின் நிழலை ஒளிப்படமாக எடுக்க வேண்டும். வாலர் தம் செல்ல நாய் ஜிம்மியின் கால்களை உப்புநீர்க் கிண்ணங்களில் நிறுத்தியும் இச்சோதனையைப் பலர்முன் செய்து காட்டுவது உண்டு.

1889-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் உடலியங்கியல் அறிஞர்களின் முதல் உலக மாநாடு நடைபெற்றது. அங்கே வாலர் செய்து காட்டிய சோதனையை எயிந்தோவன் நேரில் கண்டார். அது மருத்துவமனைகளில் பெரிதும் பயன்படும் என்று வாலரே அப்போது எண்ணவில்லை. எயிந்தோவனோ அதை மறக்கவே இல்லை.

ஐந்து எழுத்துகள்

ஊர் திரும்பியதும் அவர் அதே பாதரசக் கருவியைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினார். அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. பாதரசம் கனமானது, ஆகவே விரைந்து மாறும் மின்னலையை அதனால் உடனுக்குடன் பின்தொடர இயலவில்லை. தாளில் விழுந்த கோடு மழுங்கியும் உருமாறியும் காணப்பட்டது. தெருவில் குதிரை வண்டி சென்றாலும் ஆய்வுக்கூடம் அதிர்ந்து, பதிவு குலைந்தது.

எயிந்தோவன் மனம் தளரவில்லை. பாதரசம் எவ்வளவு பின்தங்குகிறது என்பதைக் கணக்கிட்டு, கருவி வரைந்த பொய்க்கோட்டிலிருந்து இதயத்தின் மெய்யான கோட்டைக் கணிதத்தால் மீட்டெடுத்தார். அவ்வாறு பெற்ற கோட்டில் ஐந்து திருப்பங்கள் தெரிந்தன. 1895-இல் அவற்றுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்னும் ஆங்கில எழுத்துகளைப் பெயராகச் சூட்டினார். பி என்பது மேலறைகளில் மின்னலை பரவுவதைக் காட்டும். கியூ, ஆர், எஸ் ஆகிய மூன்றும் கீழறைகளில் அது பரவுவதைக் காட்டும். டி என்பது கீழறைகள் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக மீள்நிலை அடைவதைக் காட்டும். இன்றும் உலகின் எந்த மூலையில் உள்ள மருத்துவரும் இப்பெயர்களையே பயன்படுத்துகிறார்.

ஆனால் ஒவ்வொரு பதிவையும் உட்கார்ந்து கணக்கிட்டுத் திருத்துவது நோயாளிக்கு உதவாது. வலியால் துடிப்பவர் கணக்கு முடியும் வரை காத்திருக்க இயலுமா? இதயம் வரையும் கோட்டை நேராகவே காட்டும் கருவி தேவைப்பட்டது.

மயிரினும் மெல்லிய இழை

கனமான பாதரசத்துக்கு மாற்றாக, எடையே இல்லாதது போன்ற ஒரு பொருளை எயிந்தோவன் நாடினார். குவார்ட்சு என்னும் படிகக்கல்லைக் கடும் வெப்பத்தில் உருக்கி, அதை ஓர் அம்பில் ஒட்டவைத்து வில்லால் எய்வார்கள். அம்பு பறக்கும் விரைவில் உருகிய படிகம் நீண்டு, கண்ணுக்குப் புலப்படாத இழையாகிவிடும். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே இருக்கும். தலைமயிரோடு ஒப்பிட்டால் பல மடங்கு மெல்லியது. அதன்மேல் வெள்ளியைப் பூசினால் அதில் மின்சாரம் பாயும்.

இந்த இழையை வலிமை மிக்க மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே கட்டினார். இதயத்தின் மின்னலை இழையில் பாயும்போது காந்தப் புலம் அதை ஒருபுறம் தள்ளும். அந்நுண்ணிய அசைவை நுண்ணோக்கி பல நூறு மடங்கு பெருக்கிக் காட்டும். இழையின் நிழல், நகர்ந்துகொண்டே இருக்கும் ஒளிப்படத் தகட்டில் விழுந்து கோடாகப் பதியும். இழைக் கால்வனோமீட்டர் எனப்படும் இக்கருவியைப் பற்றி 1901-இல் அவர் உலகுக்கு அறிவித்தார். அது நேரடியாக வரைந்த கோடு, முன்பு கணிதத்தால் அவர் பெற்ற கோட்டுடன் பொருந்தியது. ஆண்டுக்கணக்கில் போட்ட கணக்கு பிழையற்றது என்று கருவியே சான்று கூறியது போல் அது அமைந்தது.

அந்த முதற்கருவி எளிதில் கையாளத்தக்கதாக இல்லை. அதன் எடை ஏறக்குறைய 270 கிலோகிராம். இரண்டு அறைகளை அது அடைத்துக்கொண்டது. இயக்குவதற்கு ஐந்து பேர் தேவைப்பட்டனர். காந்தம் சூடாகாமல் இருக்க நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்து அமர்ந்திருக்க வேண்டும்.

கருவி எங்கு இருப்பினும், யார் இயக்கினும், ஒரே அளவில் கோடு விழ வேண்டும் என்பதில் எயிந்தோவன் உறுதியாக இருந்தார். ஒரு மில்லிவோல்ட் அழுத்தத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம். ஒரு நொடிக்கு 25 மில்லிமீட்டர் நீளம். அவர் வகுத்த இந்த அளவையே இன்றைய கருவிகளும் பின்பற்றுகின்றன. அதனால்தான் ஓர் ஊரில் எடுத்த தாளை மற்றோர் ஊரில் உள்ள மருத்துவர் தயக்கமின்றிப் படிக்க முடிகிறது.

கம்பிவழி வந்த இதயத்துடிப்பு

கருவி ஆய்வுக்கூடத்தில் இருந்தது. நோயாளிகளோ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் மருத்துவமனையில் இருந்தனர். அத்தனை எடையுள்ள கருவியை நகர்த்தவும் இயலாது. நோயுற்றோரை அலைக்கழிக்கவும் கூடாது. இரண்டையும் செய்யாமல், இதயத்தின் மின்னலையை மட்டும் வரவழைக்க எயிந்தோவன் வழி கண்டார். மருத்துவமனையையும் ஆய்வுக்கூடத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்தார்.

1905-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் அம்முயற்சி வெற்றி பெற்றது. முதலில் சோதிக்கப்பட்டவர் நோயாளி அல்லர்; நல்ல உடல்நலம் வாய்ந்த ஒருவர். அவர் ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு மிதிவண்டியில் விரைந்து சென்றிருந்தார். அவருடைய கோட்டில் ஆர் அலை உயர்ந்து நின்றது. மிதிவண்டி மிதித்த உழைப்பே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. பிறகு நோயாளிகளின் துடிப்புகள் கம்பிவழி வரத் தொடங்கின. மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நோய், மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னலை செல்லாமல் தடைப்படும் நோய், இடையில் தோன்றும் மிகைத்துடிப்பு ஆகியவற்றின் கோடுகளை 1906-இல் அவர் வெளியிட்டார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கையெழுத்து உண்டு என்பது புலனாயிற்று.

தேர் ஒன்று, பார்வை மூன்று

கோயில் தேரை ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அதன் ஒரு பக்கமே தெரியும். மூன்று தெருமுனைகளில் மூவர் நின்று பார்த்தால் தேரின் முழு வடிவும் விளங்கும். இதயத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும் என்று எயிந்தோவன் எண்ணினார். வலக்கை, இடக்கை, இடக்கால் ஆகிய மூன்று முனைகளையும் இணைத்தால் ஒரு முக்கோணம் அமையும்; அதன் நடுவில் இதயம் இருக்கும். முக்கோணத்தின் மூன்று பக்கங்களிலிருந்தும் மூன்று கோடுகளைப் பெறலாம். 1912-இல் அவர் விளக்கிய இம்முறை எயிந்தோவன் முக்கோணம் எனப்படுகிறது. பின்வந்தோர் மார்பிலும் மின்முனைகளை வைத்துப் பார்வைகளைப் பெருக்கினர். இன்று பத்து மின்முனைகளைக் கொண்டு பன்னிரண்டு பார்வைகளில் இதயம் பதிவாகிறது.

பகிர்ந்த பெருமை

சார்லஸ் டார்வினின் மகன் ஹோரஸ் டார்வின் நிறுவிய கேம்பிரிட்ஜ் கருவி நிறுவனம் எயிந்தோவனின் கருவியைச் செம்மைப்படுத்தி விற்கத் தொடங்கியது. இலண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் அதைக் கொண்டு இதயத்துடிப்பின் கோளாறுகளை விரிவாக ஆராய்ந்தார். இருவருக்குமிடையே ஆழ்ந்த நட்பு வளர்ந்தது.

1924-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு எயிந்தோவனுக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். மறு ஆண்டு நிகழ்த்திய நோபல் உரையில், லூயிஸின் பணி இல்லையேல் தமக்கு இப்பெருமை கிட்டியிராது என்னும் கருத்தை வெளிப்படையாகக் கூறினார்.

அவர் மறவாத மற்றொருவரும் உண்டு. கருவியை உருவாக்குவதில் பல்லாண்டுகள் உடன் உழைத்த உதவியாளர் வான் டெர் வூர்ட் அவர். பரிசு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. எயிந்தோவன் அவருடைய உறவினரைத் தேடினார் என்றும், வறுமையில் வாழ்ந்த அவருடைய சகோதரியர் இருவரைக் கண்டறிந்து பரிசுத்தொகையில் பாதியை அவர்களுக்கு அளித்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். பெயர் பொறிக்கப்பட்ட பதக்கம் ஒருவருக்கே கிடைக்கலாம். உழைப்பு ஒருவருடையதன்று என்பதை அவர் செயலால் உணர்த்தினார்.

1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள், தம் 67-ஆம் வயதில், லெய்டனில் எயிந்தோவன் மறைந்தார்.

உயிர் காக்கும் கோடு

எயிந்தோவன் வாழ்ந்த காலத்திலேயே அவருடைய கோடு புதிய பணி ஒன்றுக்கு ஆயத்தமாகியிருந்தது. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதயத் தமனியில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வதால் ஏற்படும் நோயை 1912-இல் விளக்கினார். அவ்வாறு அடைபட்டவர் எல்லோரும் உடனே இறந்துவிடுவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். பிழைக்க வாய்ப்பு உண்டென்றால் நோயை விரைந்து அறிய வேண்டுமே! 1920-இல் ஹெரால்டு பார்டி என்னும் மருத்துவர் அதற்குரிய அடையாளத்தைக் காட்டினார். எஸ் அலைக்கும் டி அலைக்கும் இடையே சமமாகச் செல்ல வேண்டிய பகுதி, மாரடைப்பின்போது மேலெழுந்து நின்றது.

இன்று அவசர சிகிச்சை மருத்துவரின் கண் முதலில் தேடும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அப்பகுதி உயர்ந்திருந்தால் தமனி முற்றிலும் அடைபட்டிருக்கலாம் என்று உணர்ந்து, உறைவைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தவோ, தமனியைத் திறக்கும் சிகிச்சைக்கு அனுப்பவோ அவர் விரைகிறார். பன்னிரண்டு பார்வைகளுள் எவற்றில் அது உயர்ந்துள்ளது என்பதைக் கொண்டு, இதயத்தின் எப்பகுதி துன்புறுகிறது என்பதையும் கணிக்கிறார். கீழறைகள் ஒழுங்கற்று நடுங்குவதைக் கோடு காட்டினால், நொடியும் தாழ்த்தாமல் மின்னதிர்ச்சி தந்து துடிப்பை மீட்க முயல்கிறார். சில வேளைகளில் மாரடைப்பின் தொடக்கத்தில் கோடு இயல்பாகவே தோன்றும். ஆகவே வலி நீடித்தால் சோதனையை மீண்டும் மீண்டும் செய்வர். குருதிச் சோதனையும் செய்வர். கோடு வழிகாட்டும், நோயாளியின் முகத்தையும் சொல்லையும் மருத்துவர் தாமே படித்தாக வேண்டும்.

நகர்த்த முடியாதிருந்த கருவியும் படிப்படியாகச் சிறுத்தது. 1966-இல் அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பாண்ட்ரிட்ஜ் என்னும் மருத்துவர், இதய நோயாளிகளின் வீட்டுக்கே மருத்துவக் குழுவும் கருவிகளும் செல்லும் ஆம்புலன்ஸ் முறையைத் தொடங்கினார். இன்று சிற்றூரில் எடுத்த கோடு, நோயாளி புறப்படும் முன்பே பெருநகர மருத்துவரின் கைப்பேசியை அடைந்துவிடுகிறது. லெய்டனில் ஒன்றரைக் கிலோமீட்டர்க் கம்பியில் தொடங்கிய பயணம் அது.

மீண்டும் அந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோம். தாளைப் படித்த மருத்துவர் கட்டளையிடுகிறார். செவிலியர் மருந்தைச் செலுத்துகிறார். வெளியே காத்திருக்கும் மகளிடம், நல்ல நேரத்தில் அழைத்து வந்தீர்கள் என்று சொல்லப்படுகிறது. 1889-இல் பாசெலில் கண்ட ஒரு காட்சியை மனத்தில் ஏந்தி, பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கிட்டும் இழை நூற்றும் காத்திருந்தார் ஒருவர். அவருடைய பொறுமையே இன்று மருத்துவருக்கு விரைவாக வாய்த்திருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

சாவகம் – ஜாவாத் தீவு
உடலியங்கியல் – உடலுறுப்புகள் செயற்படும் முறையை ஆராயும் துறை
மின்முனை – மின்னோட்டத்தைப் பெறுவதற்கு உடலில் பொருத்தும் பகுதி
தமனி – குருதியை இதயத்திலிருந்து கொண்டுசெல்லும் குழாய்
நொடியும் தாழ்த்தாமல் – சிறிதும் காலம் கடத்தாமல்

பயிற்சி

1. பாதரசக் கருவியின் குறை யாது? அதை எயிந்தோவன் முதலில் எவ்வாறு ஈடுசெய்தார்?
2. குவார்ட்சு இழை உருவாக்கப்பட்ட முறையை உம் சொந்த நடையில் எழுதுக.
3. கருவிகள் அனைத்தும் ஒரே அளவில் கோடு வரைவதால் விளையும் நன்மை யாது?
4. நோபல் பரிசைப் பெற்றபோது எயிந்தோவன் நடந்துகொண்ட முறையிலிருந்து நீவிர் அறியும் பண்புகளைத் தொகுத்து எழுதுக.
5. உம் வீட்டில் ஒருவருக்குக் கடும் நெஞ்சுவலி ஏற்பட்டால் காலம் தாழ்த்தலாகாது. ஏன்? பாடத்தின் துணைகொண்டு விளக்குக. நீவிர் வாழும் ஊரில் அவசர ஊர்தியை அழைக்கும் எண்ணைப் பெற்றோரிடம் கேட்டுக் குறித்து வைக்க.